இலவசக் கல்வியும் மதியச் சோறும்

இலங்கையின் 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்ந்தது. பர்சரி என்று மாணவர் சொல்லும் உதவிப்பணம் 4,000 ரூபாயிலிருந்து 6,500 ரூபாயானது. வரவேற்க வேண்டிய உயர்வுதான். ஆனால் 7,500 ரூபாயை முப்பது நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்குக் கிடைப்பது 250 ரூபாய். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தைச் சுற்றி அறை எடுத்திருக்கும் ஒரு பிள்ளை அந்தக் காசில் மூன்று வேளையும் சாப்பிட முடியாது. அறை வாடகை, பஸ் காசு, போட்டோகொப்பி, தொலைபேசி டேட்டா எல்லாம் அதற்கு வெளியே நிற்கின்றன.

குடாநாட்டில் உயர்கல்வியின் செலவைப் பற்றிப் பேசும்போது "படிப்பு இலவசம்தானே" என்ற பதில் உடனே வரும். அரச பல்கலைக்கழகத்தில் முதற்பட்டத்துக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. உயர்தொழில்நுட்பவியல் நிறுவனத்தின் முழுநேர உயர்தேசிய டிப்ளோமாவுக்கும் அப்படித்தான். பிறகு ஏன் பிள்ளைகள் இடையில் நிற்கிறார்கள்? ஏன் பாடநெறிக்குப் பெயர் பதிந்தவர் சில மாதத்தில் கடையில் வேலைக்கு நிற்கிறார்? கற்பதற்குக் காசில்லை என்பதால் இது நடப்பதில்லை. கற்கிற காலத்தில் உயிர்வாழ்வதற்குக் காசில்லை என்பதால் நடக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காத வரையில் நமது உதவித்திட்டங்கள் எல்லாம் பாதிக்கிணறு தாண்டியவையாகவே இருக்கும்.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிதாகத் தெரியவேண்டிய செய்தியல்ல. இங்கே நவீன உயர்கல்வி தொடங்கியதே சாப்பாட்டோடுதான். 1816இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டை செமினறியைத் தொடங்கினார்கள். டானியல் பூர் அதன் முதல் தலைவர். மாணவருக்குக் கல்வியோடு உணவும் உடையும் தங்குமிடமும் அங்கே கிடைத்தன. அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது. அமெரிக்காவில் இருந்த ஒரு குடும்பமோ ஒரு தேவாலயச் சபையோ ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவை ஏற்றுக்கொள்ளும்; அதற்கு ஈடாக அந்தப் பிள்ளைக்குத் தாங்கள் விரும்பிய பெயரை இடலாம். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று நமது இலக்கிய வரலாற்றில் வரும் பெயர்களின் முற்பாதி அந்தக் காலத்து வழக்கத்தின் தடம்.

அந்த உதவி நிபந்தனையோடு வந்தது. மதமாற்றம் அதன் நோக்கம். அதை மிஷன் மறைக்கவுமில்லை. பெற்றோரும் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையை ஒப்படைக்கவில்லை. தொடக்கத்தில் மிஷன் வளவுக்குள் சமைத்த சோற்றை உண்ணச் சைவ வேளாள வீட்டுப் பிள்ளைகள் மறுத்தார்கள். அவர்களுக்குப் பக்கத்துச் சைவர் வளவில் சமைக்க ஒழுங்கு செய்ய வேண்டியிருந்தது. அந்த மறுப்பில் சாதி இருந்தது. தன் வழக்கத்தை விட்டுக்கொடுக்காத பிடிவாதமும் இருந்தது. இன்று நாம் அதைக் கொண்டாடவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். உதவிபெறுகிறவர் உதவியின் ஒழுங்கை மாற்றவைத்தார் என்பதைக் கவனித்தால் போதும்.

விளைவு என்ன? 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பிறகு ஏட்டிலிருந்த தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதினார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தொடங்கிய பாடசாலையே சைவ பரிபாலன சபையின் கைக்கு மாறி யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. அமெரிக்கச் சபைகளின் காசில் உண்டு படித்தவர் தொடங்கிய பாடசாலை சைவப் பிள்ளைகளின் பெருங்கல்லூரியானது! கொடுத்தவர் நினைத்த பயன் ஒன்று, ஊர் பெற்ற பயன் வேறொன்று. செமினறி 1855இல் மூடப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் அது விளைவித்ததைப் பார்க்கும்போது, ஒரு பிள்ளையின் சோற்றுக்குப் பொறுப்பெடுப்பது எவ்வளவு பெரிய கல்விப்பணி என்பது விளங்கும்.

மிஷனுக்குப் பதில்சொல்ல எழுந்த சைவர்களும் இதை விளங்கியிருந்தார்கள். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1923இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கம், இந்து போர்ட் இராசரத்தினம் என்று ஊர் அறிந்த சு. இராசரத்தினத்தின் முயற்சியில், கிராமம் கிராமமாகப் பாடசாலை அமைத்ததோடு ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும் நடத்தியது. உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துவைத்து நற்காரியத்துக்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கம் பள்ளிக்கூடங்களையும் தாங்கியது. மலாயாவுக்குப் போய் ரயில்வேயிலும் கச்சேரியிலும் எழுதுவினைஞராக இருந்த அண்ணன்மார் அனுப்பிய மணியோடர் தம்பிமாரின் விடுதிக் காசானது.

1945 ஒக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி, பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணத்தை நீக்கியது. கன்னங்கராவை வாழ்த்துகிறவர்கள் அடிக்கடி மறக்கும் ஒரு விடயம் உண்டு. அவர் கட்டணத்தை மட்டும் நீக்கவில்லை. நாட்டுப்புறங்களில் மத்திய பாடசாலைகளை அமைத்து, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பெற்ற ஏழைப் பிள்ளைகள் அவற்றின் விடுதியில் தங்கிப் படிக்க வழிசெய்தார். தீவகத்துப் பிள்ளைகளுக்கு வேலணை மத்திய கல்லூரி அப்படிக் கிடைத்தது. கட்டணம் இல்லாமற் செய்துவிட்டால் மட்டும் நெடுந்தீவுப் பிள்ளை படித்துவிடாது, அதற்குப் படுக்க ஓர் இடமும் உண்ண ஒரு பிடி சோறும் வேண்டும் என்று அந்தத் திட்டத்தை வகுத்தவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு வந்தவர்கள் முதற்பாதியை ஒரு கொள்கையாகக் காத்தார்கள். இரண்டாம் பாதி மெல்ல மெல்லத் தேய்ந்தது.

பல்கலைக்கழக மட்டத்தில் அந்த இரண்டாம் பாதியை மீட்க வந்ததே மகாபொல. லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்தபோது, 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நம்பிக்கை நிதியமாக அமைக்கப்பட்டது. வர்த்தகக் கண்காட்சிகளில் திரட்டிய பணமும் லொத்தர் வருமானமும் அதன் ஊற்று. தெருவோரத்தில் லொத்தர் வாங்கும் கூலித்தொழிலாளியின் காசு கூலித்தொழிலாளியின் பிள்ளையிடமே போய்ச் சேர்கிறது என்பதை நினைத்துப்பார்க்க வேண்டும்.

மகாபொல தளர்ந்தது விலைவாசியின் முன்னால். 2015 அளவில் 5,000 ரூபாயாக்கப்பட்ட தொகை பத்து ஆண்டுகள் அசையவில்லை. அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் 2022 வந்தது. அந்த ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தை எட்டியது. 2015இல் 5,000 ரூபாய் என்பது 35 டொலருக்கு மேல். 2025இல் 7,500 ரூபாய் ஏறத்தாழ 25 டொலர். டொலரை விட்டுவிட்டு உள்ளூர் விலையைப் பார்த்தாலும் இந்தப் பத்தாண்டில் விலைகள் இருமடங்குக்கு மேல் ஏறிவிட்டன. பழைய பெறுமதியைக் காப்பாற்றவே 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே 2025இல் நடந்ததை உயர்வு என்று சொல்வதைவிட, இழந்ததில் ஒரு பங்கு திரும்பி வந்தது என்பதே சரி. ஒரு புலமைப்பரிசில் விலைச்சுட்டெண்ணோடு கட்டப்படாமல் அமைச்சரின் வரவுசெலவு உரைக்காகக் காத்திருந்தால் இப்படித்தான் ஆகும்.

இவ்வளவும் பல்கலைக்கழகம் போனவருடைய கதை. உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளைகளின் கதை வேறு. அவர்களே எண்ணிக்கையில் அதிகம்.

அத்தகைய பிள்ளைகள் போகக்கூடியதாக அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்று ஒன்று உண்டு. 1901இல் இலினோய் மாநிலத்து ஜோலியட் நகரில் தொடங்கிய மரபு அது. வீட்டிலிருந்தே போய்ப் படிக்கக்கூடிய இரண்டாண்டுக் கல்லூரி. தொழிலும் கற்கலாம், பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறவும் செய்யலாம். நம்மிடம் அதே வேலையைச் செய்கிறவை பிறவுண் வீதியில் இருக்கும் யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியும், குருநகர் கடற்கரை வீதியில் இருக்கும் உயர்தொழில்நுட்பவியல் நிறுவனமும். இரண்டாவது, 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நாடு முழுவதும் அமைந்த வலையமைப்பின் ஒரு கிளை. கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலம் போன்றவற்றில் உயர்தேசிய டிப்ளோமா அங்கே கிடைக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைற்றா என்ற பயிலுநர் பயிற்சி அதிகாரசபை போன்றவற்றின் பயிற்சிகளும் உண்டு. தேசிய தொழிற்தகைமை என்ற என்.வி.கியூ. ஏணியில் ஒன்றாம் படியில் ஏறியவர் ஏழாம் படியில் பட்டம்வரை போக வழியிருக்கிறது.

வழி உண்டு, வழிச்செலவுக்கு என்ன செய்வது? உயர்தேசிய டிப்ளோமா மாணவருக்கும் தொழில்நுட்பக் கல்லூரி மாணவருக்கும் ஏதோ ஒரு உதவிப்படி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மகாபொல பற்றி நாடாளுமன்றத்திலும் பத்திரிகையிலும் எழும் குரலில் ஒரு பங்குகூட அவர்களுக்காக எழுவதில்லை. பல்கலைக்கழக மாணவருக்கு ஒன்றியம் உண்டு, வீதியில் இறங்கினால் செய்தியாகும். குருநகரில் கணக்கியல் படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பலம் இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பருத்தித்துறைப் பக்கமிருந்து குருநகருக்கு வரும் ஒரு மாணவிக்கு முதலில் யாழ்ப்பாண பஸ் நிலையம், அங்கிருந்து இன்னொரு பஸ் அல்லது நடை. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சீசன் டிக்கெட் கையில் இருந்தால் பஸ் செலவு பெருமளவு குறையும். ஆனால் சீசன் தனியார் பஸ்ஸில் செல்லாது. எட்டரை வகுப்புக்குச் சபையின் சிவப்பு பஸ்ஸுக்காகக் காத்திருந்து பிந்துவதா, தனியார் பஸ்ஸில் முழுக்காசு கொடுத்து நேரத்துக்குப் போவதா என்று அவள் காலையில் கணக்குப் பார்க்கிறாள். மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சல் 300 ரூபாய் என்று வைத்தால் இருபது வகுப்பு நாளுக்கு 6,000 ரூபாய். 6,500 ரூபாய்ப் பர்சரி கிடைத்தாலும் மதியச் சோற்றுக்குப் பிறகு மிஞ்சுவது 500 ரூபாய்தான். வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தால் அந்தச் செலவு மிச்சம்; அதற்கு அம்மா விடியமுன் எழும்ப வேண்டும், வீட்டில் அரிசி இருக்க வேண்டும். நெடுந்தீவுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. படகில் குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம், அங்கிருந்து பஸ்ஸில் இன்னொரு நீண்ட பயணம். நாளாந்தம் வந்துபோக முடியாது, யாழ்ப்பாணத்தில் அறை எடுத்தே ஆக வேண்டும். தொழில்நுட்பப் படிப்புக்கு வருகிறவர்களுள் மீன்பிடிக் குடும்பங்களிலும் கூலிவேலைக் குடும்பங்களிலும் இருந்து வருகிறவர் பலர். அதாவது வீட்டிலிருந்து மிகக் குறைவாக எதிர்பார்க்கக்கூடியவருக்கு அரசிடமிருந்தும் மிகக் குறைவாகவே கிடைக்கிறது. இந்த ஏற்பாட்டில் எனக்குள்ள மிகப் பெரிய குற்றச்சாட்டு இதுதான்.

உதவி கிடைக்கிற இடத்திலும் அது வந்து சேரும் விதம் பிழையாக இருக்கிறது. விண்ணப்பத்தில் குடும்ப வருமானத்தை நிரப்ப வேண்டும், கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும், பிரதேச செயலகத்தில் மேலொப்பம் பெற வேண்டும். மாதச் சம்பளக்காரர் சம்பளப் பட்டோலையை இணைத்துவிடுவார். கடலுக்குப் போகிறவரின் வருமானத்தை எந்தத் தாளில் காட்டுவது? ஒரு மாதம் கைநிறைய வரும். காற்றுக் காலத்தில் படகே இறங்காது. வெங்காயம் வைத்தவருக்கு விலை விழுந்தால் வருமானத்துக்குப் பதில் கடன்தான். கணவனை இழந்த, அல்லது காணாமற்போன கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் பெண் "குடும்பத் தலைவர்" என்ற கட்டத்தில் எதை எழுதுவது? போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் வடக்கில் இந்தக் கட்டம் இலகுவாக நிரம்புவதில்லை. பிறகு காத்திருப்பு. வகுப்பு தொடங்கிப் பல மாதங்கள் சென்றபின் முதல் தவணை வருகிறது. அறைக்கு முற்பணம் கேட்பவர் முதல் நாளில் கேட்கிறார். அந்த இடைவெளியை அம்மாவின் தோடும் சங்கிலியும் நிரப்புகின்றன. அடைவுக் கடைக்குப் போகாமல் முதலாம் ஆண்டைக் கடந்த குடும்பங்கள் குடாநாட்டில் எத்தனை இருக்கும்?

வாழ்க்கைச் செலவும் கல்விச் செலவுதான் என்று அரசுக்குத் தெரியாதா? தெரியும். 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தைப் பாருங்கள். அரச பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர் அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க எட்டு லட்சம் ரூபாய் வரை கற்கைக் கட்டணத்துக்குக் கடன். அதற்கு மேல் வாழ்க்கைச் செலவுக்கென ஆண்டுக்கு 75,000 வீதம் மூன்று லட்சம் ரூபாய் வரை இன்னொரு கடன் என்று அது வகுக்கப்பட்டது. வட்டியை அரசு கட்டுகிறது. கொழும்பில் தனியார் நிறுவனத்துக்குப் போகும் பிள்ளைக்கு உணவும் அறையும் தேவை என்று ஒப்புக்கொண்ட அரசு, தன்னுடைய சொந்தத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு அதே தேவையை ஏன் அதே அளவில் ஒப்புக்கொள்ளவில்லை? கட்டணம் இல்லாத இடத்தில் செலவே இல்லை என்ற பழைய எண்ணத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியில் சராசரி ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 4,000 டொலர். வறிய குடும்பத்து மாணவருக்கு மத்திய அரசு கொடுக்கும் பெல் உதவித்தொகையின் உச்சம் 7,395 டொலர். கட்டணத்தைக் கழித்து மிஞ்சும் பணம் மாணவரின் கைக்கு வருகிறது, வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும். கல்லூரியின் செலவு என்று அவர்கள் கணக்கிடும்போதே தங்குமிடம், உணவு, பயணம், புத்தகம் எல்லாம் அதற்குள் அடங்கும். அந்த நாட்டில் மாணவர் கடன் ஒரு பெருஞ்சுமை என்பதை மறுக்கவில்லை; அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. கணக்கிடும் முறையைப் பின்பற்றலாம்.

இன்னும் பக்கத்தில் தமிழ்நாடு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 இந்திய ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டெம்பரில் தொடங்கியது; ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஓகஸ்டில். தொகை பெரிதல்ல. ஆனால் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்குக் கொடுப்பதையே டிப்ளோமாவுக்கும் ஐ.டி.ஐ. தொழிற்பயிற்சிக்கும் போகிறவருக்கும் கொடுக்கிறார்கள். பணம் நேரே மாணவரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. தையலும் மோட்டார் திருத்தமும் கற்கிறவரைப் பட்டதாரிக்குச் சமமாக வைத்ததே அந்தத் திட்டத்தின் சிறப்பு.

இனி நமது கையில் இருப்பதைப் பார்ப்போம். மலாயா மணியோடர் போய்க் கனடா, லண்டன், சுவிஸ் காசு வந்தது. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இயங்கும் பழைய மாணவர் சங்கங்களும் ஊர் ஒன்றியங்களும் ஆண்டுதோறும் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளுக்குப் பெருந்தொகை அனுப்புகின்றன. நன்றியோடு சொல்ல வேண்டிய உண்மை அது. ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது? மண்டபம், நுழைவாயில், நீச்சல் தடாகம், நூற்றாண்டு மலர். பெரிய கல்லூரிகளுக்குப் பெரிய சங்கம் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரிக்கு அப்படியொரு பலம் இல்லை. மாணவருக்கு நேரே கொடுக்கும்போதும் சைக்கிளோடு பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடுகிறார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை தன் வறுமையைத் தன் வகுப்புத் தோழர் எல்லோருக்கும் காட்டினால்தான் உதவி கிடைக்கும் என்றால், மானமுள்ள பிள்ளை வராது. இருநூறு ஆண்டுக்கு முன் கொடுத்தவர் தம் பெயரைப் பிள்ளைக்கு இட்டார்கள். இப்போது பிள்ளையின் முகத்தைத் தங்கள் பெயருக்குக் கீழே இடுகிறார்கள். இதை நிறுத்த வேண்டும்.

அரசு செய்ய வேண்டியதும் தெளிவு. உதவித்தொகை எந்த நிறுவனத்தில் படிக்கிறார் என்பதைப் பார்க்காமல் என்ன செலவாகிறது என்பதைப் பார்த்துக் கொடுக்கப்பட வேண்டும். விலைவாசியோடு ஆண்டுதோறும் உயர வேண்டும். முதல் மாதத்திலேயே வர வேண்டும். அரசின் நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசுமவின் பட்டியலில் வறிய குடும்பம் என்று அரசே ஏற்றுக்கொண்ட வீட்டுப் பிள்ளையிடம் மறுபடியும் வறுமைக்கு அத்தாட்சி கேட்கக் கூடாது. இதற்குக் காலம் எடுக்கும். புலம்பெயர் சங்கங்களுக்குக் காலம் எடுக்கத் தேவையில்லை. அடுத்த மண்டபத்துக்குச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, குருநகரிலும் பிறவுண் வீதியிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு முதல் ஆறு மாத மதியச் சாப்பாட்டுக் காசையும் அறை முற்பணத்தையும் கல்லூரி வழியாக, பெயர் வெளியிடாமல் கொடுங்கள். ஒரு பிள்ளைக்கு மாதம் 50 கனேடிய டொலர் என்றால் இன்றைய மாற்றுவிகிதத்தில் அது மகாபொலவைவிடப் பெரிய தொகை.